நின்ற கார், ஓடும் சாலை

ஸ்பெயின் நாட்டுக் கார்கள் 2026 ஜனவரி 1 முதல் சிவப்பு முக்கோணத்துக்கு விடை கொடுத்துவிட்டன. வண்டி பழுதாகி நின்றால் பின்னால் கொண்டுபோய் வைப்பார்களே, அந்த எச்சரிக்கை முக்கோணம்தான். இப்போது அதற்குப் பதில் கைக்கு அடக்கமான ஒரு மஞ்சள் விளக்கு. கார் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, கூரைமேல் வைத்தால் அடியிலுள்ள காந்தம் கவ்விக்கொள்ளும். விளக்கு நாலா பக்கமும் மின்னும். வண்டி எங்கே நிற்கிறது என்ற தகவலும் போக்குவரத்துத் துறைக்குத் தானாகப் போய்விடும். பல ஆண்டுகளாகச் சட்டம் கட்டாயமாக்கி வைத்திருந்த பாதுகாப்புக் கருவியை எதற்காகக் கைவிட்டார்கள்? முக்கோணத்தை வைக்கக் கீழே இறங்கி நடந்தவர்கள் மீது வண்டிகள் ஏறின. அதுதான் காரணம்.

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலிலும் இதே கவலை உண்டு. சாதாரண சாலையில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் முக்கோணத்தை வை என்கிறது அந்த நூல். அதிவேக மோட்டார்வேயில் ஒருபோதும் வைக்காதே என்கிறது. ஜெர்மனி வேறு வழியில் போனது. அங்கே 2014 ஜூலை முதல் ஒவ்வொரு காரிலும் ஒளிரும் மேலங்கி ஒன்று இருந்தாக வேண்டும். கருவிகள் மாறினாலும் மூன்று நாடுகளும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: பழுதான காருக்கு அருகே நிற்கும் மனிதரை, பின்னால் வரும் ஓட்டுநர் நேரத்தோடு பார்ப்பாரா?

பார்ப்பது கடினம். அதற்குக் கவனக்குறைவை மட்டும் குறை சொல்ல முடியாது. கண்ணின் வடிவியலும் ஒரு காரணம். 1.7 மீட்டர் அகலமுள்ள ஒரு கார் 200 மீட்டர் தொலைவில் நின்றால், நம் கண்ணில் அது பிடிக்கும் கோணம் சுமார் அரை டிகிரி. முழுநிலாவின் அகலமும் அவ்வளவுதான். 100 கி.மீ. வேகத்தில் வருபவர் நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறார். நின்ற கார் அவர் கண்ணில் இரு மடங்காகப் பெரிதாக மூன்றரை நொடிக்கு மேல் ஆகும். அதுவரை ‘முன்னால் ஒரு கார் இருக்கிறது’ என்று தெரியுமே தவிர, அது நிற்கிறதா ஓடுகிறதா என்று மூளை உறுதியாகச் சொல்லாது. சாலையில் முன்னால் தெரியும் கார் ஓடிக்கொண்டிருக்கும் என்பதே மூளையின் வழக்கமான அனுமானம்.

பிறகு சுதாரித்துக்கொள்ள ஒன்றரை நொடி. அதற்குள் 42 மீட்டர் போய்விடும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றாலும் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 40 முதல் 60 மீட்டர் வரை வேண்டும். ஆக, 80 முதல் 100 மீட்டர். சுமை ஏற்றிய லாரிக்கு இது போதாது. காருக்குப் பத்தடி பின்னால் முக்கோணத்தை வைத்துவிட்டு நிம்மதியாக டயர் கழற்றுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு லாரிக்காரர்களுக்கு வேறொரு பழக்கம் உண்டு. சாலையோரத்தில் கிடைத்த மரக்கிளையை ஒடித்துப் பின்னால் போடுவார்கள். சுற்றிலும் நாலு கருங்கல். பகலில் தூரத்திலிருந்தே தெரியும், செலவில்லை. இரவில்தான் சிக்கல். இலை தன்மேல் விழும் ஹெட்லைட் வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கும். முக்கோணத்தின் சிவப்புப் பட்டையிலோ ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட நுண்ணிய மூலைகள் வரிசையாக இருக்கின்றன. ஒளி சற்றுச் சாய்வாக வந்தாலும் அவை அதை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு அது பளிச்சென்று எரிகிறது. இன்னொன்று: லாரி சரியாகிக் கிளம்பிய பிறகும் கருங்கற்கள் அங்கேயே கிடக்கும். இரவில் வரும் டூவீலர்காரருக்கு அவை தெரியாது.

சென்னை–திருச்சி சாலையில் உளுந்தூர்பேட்டைக்கு அருகே ஒரு கார் திணறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உருளும் வேகம் இருக்கும்போதே இடது ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். ‘பார்க்கிங் லைட்’ என்று நம் ஊரில் அழைக்கப்படும் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருசேரப் போட வேண்டும். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். காருக்கு நேர் முன்னால் கூடாது. பின்னாலிருந்து ஒருவர் மோதினால் கார் அந்தப் பக்கம்தான் பாயும். முக்கோணத்தை வைக்கப் போகிறவர் தார்ச்சாலையை விட்டு விலகி, வரும் வண்டிகளைப் பார்த்தபடி, அதை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தால் போகும்போதே அது எச்சரிக்கையாகிவிடும். தேசிய நெடுஞ்சாலையில் எங்கிருந்தாலும் 1033-ஐ அழைக்கலாம். மற்ற அவசரங்களுக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

சாலையின் நடுத் தடத்திலேயே கார் நின்றுபோய், இறங்கவும் வழியில்லை என்றால் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து போன் செய்வது நல்லது. ஓடும் வண்டிகளுக்குக் குறுக்கே நடப்பதைவிட அது மேல்.

அந்த நான்கு இண்டிகேட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்சந்தியில் நேராகப் போகிறோம் என்று காட்டவும், மழையில் ஓட்டும்போதும் அவற்றைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். நான்கும் மின்னும்போது திரும்பும் பக்கத்தைக் காட்ட வழியில்லாமல் போகிறது. அதைவிட மோசம், உண்மையிலேயே நின்றுபோன காருக்கும் ஓடும் காருக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆகிவிடுகிறது.

டயர் விஷயம் எளிது. சாலைப் பக்கம் உள்ள வலது டயர் பஞ்சரானால் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழற்றக் கூடாது. டயர் கிழிந்தாலும் பரவாயில்லை என்று மெதுவாக ஓட்டிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்துவது, கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கப் போடுவது, மெலிந்த ஸ்டெப்னியாக இருந்தால் 80 கி.மீ.யைத் தாண்டாமல் போவது: பஞ்சர் கடைப் பையன்களுக்குக் கூடத் தெரிந்த சங்கதிகள்.

வெப்பம்தான் நீண்ட கதை.

மே மாதம், ஏசி ஓடுகிறது, நெரிசலில் கார் ஊர்கிறது. வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதுதான். அந்த மூடி வெறும் மூடி அல்ல. ஸ்பிரிங் வைத்த வால்வு. உள்ளே சுமார் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்கி வைப்பது அதன் வேலை. சமையலறை குக்கரில் நடப்பதேதான் இங்கும்: அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அந்த அழுத்தம் போய்விடுகிறது. 118 டிகிரியில் இருந்த நீருக்கு இப்போது கொதிநிலை 100. உபரி வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கப் பாயும். கணக்குப் போட்டால், 5 லிட்டரில் வெறும் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் ஆவியாகும். ஆனால் அந்தக் கொஞ்ச நீர் ஏறத்தாழ 280 லிட்டர் நீராவியாக விரியும். மிச்சமுள்ள கொதிநீரையும் தள்ளிக்கொண்டு அது வெளியேற இருக்கும் ஒரே வழி, மூடியைத் திறந்தவரின் முகத்துக்கு நேரே இருக்கும் ஓட்டை.

முள் ஏறத் தொடங்கியதுமே செய்ய வேண்டியது வேறு. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுவதும் திறக்க வேண்டும். மே மாதத்தில் ஹீட்டரா என்று சிரிப்பு வரலாம். காருக்குள் சூடான காற்றைத் தருவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். வேர்த்துக் கொட்டினாலும் ஓரம் கட்டும் வரை இன்ஜின் பிழைக்கும். பிறகு இன்ஜினை அணைத்து, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். தொட்டால் சுடாத நிலை வந்த பிறகு, கனத்த துணியைப் போட்டு, மூடியைக் கால் திருப்பு திருப்பி, மிச்ச அழுத்தம் போன பின்பே கழற்ற வேண்டும். காய்ந்து கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் சட்டென்று சுருங்கி வளையவோ விரிசல் விடவோ கூடும். அப்படி ஆனால் செலவு ஆயிரங்களில் முடியாது.

காத்திருக்கும் அந்த அரை மணியில் காரின் அடியில் குனிந்து பார்க்கலாம். கீழே சொட்டுவது எது என்று அதன் நிறமே சொல்லும். முன் இருக்கைக்குக் கீழாக நிறமற்ற, மணமற்ற துளிகள் என்றால் ஏசியில் குளிர்ந்த காற்றின் ஈரம், கவலை வேண்டாம். பச்சை, இளஞ்சிவப்பு, அல்லது நீலம், தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பு என்றால் கூலண்ட். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. தெருநாயும் பூனையும் நக்காமல் கழுவிவிடுவது தர்மம். பழுப்போ கறுப்போ என்றால் இன்ஜின் ஆயில். சக்கரத்துக்கு உட்புறம் எண்ணெய்ப் பசையாக வெளிர்மஞ்சள் திரவம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் காரை ஓட்டவே கூடாது.

பிரேக் ஆயில் மலைச்சாலையில் வேறுவிதமாகவும் கைவிடும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் சுமார் 13.7 மெகாஜூல். சாதாரணத் தண்ணீர் 5 லிட்டரைக் கொதிக்க வைத்து, கடைசிச் சொட்டு வரை ஆவியாக்க அது போதும். வழிநெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அதில் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் டிஸ்க், டிரம்மில்தான் போய்ச் சேரும்.

புதிய டாட்-4 பிரேக் ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம்; ரப்பர் குழாய் வழியாகக் கூட ஈரம் நுழையும். சில சதவீதம் நீர் கலந்துவிட்டால் கொதிநிலை 155 டிகிரிப் பக்கம் இறங்கலாம். மலையிறக்கத்தில் அந்த வெப்பம் எளிதில் வரும். திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். பெடல் பஞ்சுபோல் தரை வரை போகும், கார் நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது சர்வீஸ் சென்டரின் பணம் பறிக்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் அது நியாயமான ஆலோசனை. இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கினால் சுமையில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிட வேண்டும். சிவந்த டிஸ்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும்.

தண்ணீரோ சென்னைக்காரர்களுக்குப் பழைய பகை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் நின்ற கார்கள் மூழ்கின. பட்ட சூட்டில் 2024 அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். இயற்பியல் என்னவோ அவர்கள் பக்கம்தான்.

1,200 சி.சி. இன்ஜினில் நான்கு சிலிண்டர் என்றால் ஒவ்வொன்றும் 300 சி.சி. பிஸ்டன் மேலே வந்து முடியும் இடத்தில் மிஞ்சும் இடைவெளி, பத்துக்கு ஒன்று என்ற அழுத்த விகிதத்தில், சுமார் 33 மில்லிலிட்டர். காற்று உறிஞ்சும் குழாய் வழியாக அதைவிடச் சற்றே அதிகத் தண்ணீர் நுழைந்தால் போதும். காற்றைச் சுருக்கலாம், நீரைச் சுருக்க முடியாது. பிஸ்டன் சட்டென்று நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். மெக்கானிக்குகள் ‘ஹைட்ரோலாக்’ என்று உதட்டைப் பிதுக்குவது இதற்குத்தான். பல காப்பீடுகளில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால்தான் இதற்குப் பணம் வரும். தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் அந்த ஒரு சாவித் திருகல்தான் பெரும்பாலும் இன்ஜினைக் கொல்கிறது. தள்ளி, கட்டி இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

ஓடும் வெள்ளத்தில் கதை இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆயிரம் கிலோ கார் மிதக்க ஒரு கன மீட்டர் நீரை விலக்கினால் போதும். சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். அடித்தட்டுக்கு மேல் 17 சென்டிமீட்டர் நீர் ஏறினாலே அந்தக் கணக்கு நிறைவேறிவிடும். தரையிலிருந்து அளந்தால் முழங்கால் அளவுகூட இல்லை. சக்கரம் தரையைப் பற்றாத காருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு தொடங்கும் வேலை, சுத்தம் செய்வது. கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். மேலே காய்ந்ததுபோல் தெரியும். இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து வெயிலில் போடாவிட்டால் நாற்றம் போகாது. அடியில் ஓடும் ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்து, ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு விளக்கு காரணமில்லாமல் எரியும்.

அன்றாடச் சுத்தத்தில் வில்லன் தூசிதான். நம் சாலைத் தூசியில் கணிசமானது குவார்ட்ஸ் மணல். கடினத்தன்மை அளவுகோலில் 7, சாதாரண இரும்பைவிடக் கடினம். காரின் பளபளப்பைத் தாங்கும் மேல்பூச்சோ 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. காலையில் காய்ந்த துணியால் ‘சும்மா ஒரு துடை’ துடைப்பது, அந்தப் பூச்சின் மேல் உப்புத்தாள் போடுவதற்குச் சமம். வெயில் படும்போது சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் அப்படி வந்தவை. அடுக்ககங்களில் ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார் துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு வாளி, இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தால் பாதிக் கீறல் குறையும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் துணியை அலச வெறும் நீர். கூரையிலிருந்து கீழ்நோக்கி, சக்கரங்கள் கடைசியில், வேறு துணியால்.

நிழலில் கழுவ வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம், வெயிலில் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளாகப் படியும். நீர்த்த வினிகர் அதைக் கரைக்கும். உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். காக்கை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைச் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும்.

வாட்டர் வாஷ் கடைகளில் யாரும் தொடாத ஓர் இடம் உண்டு: முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் படுத்திருக்கும் பள்ளம். வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் பழுத்த இலை, பூ, குச்சி எல்லாம் அங்கேதான் சேரும். அந்தப் பள்ளத்தின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடியத் துளைகள் இருக்கின்றன. இலை மட்கி அவற்றை அடைத்தால் தண்ணீர் தேங்கி, ஏசியின் காற்றுவழியாகக் காருக்குள் இறங்கும். ‘கூரை ஒழுகுகிறது’ என்று சர்வீஸுக்கு வரும் சில கார்களின் ரகசியம் ஒரு கைப்பிடி இலைச்சருகு. கதவுகளின் அடியிலும் இதுபோன்ற துளைகள் உண்டு. கடற்கரைச் சாலை வாசிகள் அவற்றைத் தேடிப் பார்ப்பது நல்லது. உப்பு கலந்த சேறு அங்கே அடைத்துக்கொண்டால் துரு உள்ளிருந்தே தின்னும்.

இருக்கையடியில் சிந்திய முறுக்குத் தூளும் மிக்சரும் எலிகளை வரவழைக்கும். வந்த எலி, பல் தீட்ட ஒயரைக் கடிக்கும். காலையில் கார் கிளம்பாது. பழுதுக்கும் சுத்தத்துக்கும் இதைவிட நேரடியான சொந்தம் வேறில்லை. பானெட்டுக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து எலி எச்சத்தைக் கழுவுவதும் வம்புதான். மின் இணைப்புகளில் நீர் புகுந்தால் எலி செய்யாததை அது செய்துவிடும். துணியும் பிரஷ்ஷும் போதும்.

முன்கண்ணாடியின் உட்புறத்தையும் மறக்க வேண்டாம். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் பசை அதில் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் தெரியாது, இரவில் எதிர் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுக்க வெளிச்சம் பரவி, ஓரத்தில் நிற்கும் பழுதான காரை மறைக்கும். பின்விளக்கையும் அதன் அருகிலுள்ள சிவப்புப் பிரதிபலிப்பானையும் துடைக்க அரை நிமிடம் ஆகும்.

கழுவி முடித்த காரை அப்படியே ஓரங்கட்டி நிறுத்திவிடக் கூடாது. தெருவில் ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து முறை மென்மையாகப் பிரேக் பிடித்தால் டிஸ்கின் ஈரம் காய்ந்துவிடும். இல்லாவிட்டால் வார்ப்பிரும்பு டிஸ்கில் இரவோடு இரவாகச் செம்மஞ்சள் துரு பூக்கும். மறுநாள் முதல் பிரேக்கில் ‘கர்ர்’ என்று சத்தம் வரும். இரண்டு தெரு தாண்டியதும் அது நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. நிற்காவிட்டால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். அன்றே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.